மேலாப்பில் எடுத்த துளி

எங்கள் குடியிருப்பில் அக்காவுக்கு மோட்டார் என்று பெயர். வைத்தவர் கீழ்த்தளத்துக் குழாய்க்காரர். நாங்கள் குடிவந்த புதிதில், உங்கள் வீட்டம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று அவர் மாமாவிடம் கேட்டிருக்கிறார். மாமா, அதாவது அக்காவின் கணவர், கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவர். பேச்சில் சிக்கனம். "மோட்டார்ல ஆராய்ச்சி பண்றா" என்று சொல்லிவிட்டுப் படியேறி வந்துவிட்டார். அடுத்த வாரம் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது நின்றுபோனது. குழாய்க்காரர் திருப்புளியோடு நேராக எங்கள் கதவைத் தட்டினார்.

"என் மோட்டார் கண்ணுக்கே தெரியாதுங்க" என்றாள் அக்கா. "வயர் கிடையாது, சுவிட்ச் கிடையாது."

"அப்புறம் எப்படிங்க ஓடுது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க நிக்கிறேன்?"

அவர் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டில் ஏதோ துக்கம் நடந்ததைக் கேட்டவர் போல மெதுவாக இறங்கிப் போனார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அவள் வேலையை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். பிசகாகச் சொன்னால் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியவள் நான்தான். குளத்துத் தண்ணீரில் ஒரு பிராணி இருக்கிறது. ஒரே ஒரு செல்தான் அதன் முழு உடம்பு. அந்த உடம்பெங்கும் பொடிமுடி. முடிகள் எல்லாம் சேர்ந்து துடுப்புப் போட, அது சுழன்று சுழன்று நீந்தும். ஒவ்வொரு முடிக்குள்ளும் புரதத்தால் ஆன மோட்டார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒவ்வொரு மோட்டாரும் பல உதிரிபாகங்கள் சேர்ந்தது. ஒவ்வொரு பாகத்தையும் செய்ய ஒரு மரபணு. அதில் ஒரு சின்னப் பாகம் எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பாகத்தின் மரபணுதான் அக்காவுக்குக் கிடைத்தது. எழுத்தும் எண்ணுமாக அதற்கு ஒரு பெயர் உண்டு. வீட்டில் அவள் அதை "என்னோடது" என்றுதான் சொல்வாள். என்னோடது இன்னிக்கும் சரியா வரல. என்னோடதுக்குப் புது மருந்து வாங்கணும். புதிதாக வருகிறவர்கள் அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது, அதற்கு நெடுநாளாக உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த மரபணுவை எடுத்துவிட்டால் பிராணி என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"நல்லா ஓடிக்கிட்டிருக்கறத கழட்டிப் போடறதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்று ஒருமுறை அவள் மாமியார் கேட்டார்.

"ஆமா அத்தை. அதுவும் கழல மாட்டேங்குது."

கழலாததற்கு ஒரு காரணம் உண்டு. நமக்கு அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என்று மரபணுவுக்கு இரண்டு பிரதிகள். இந்தப் பிராணியின் செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள். அன்றாடக் குடும்பம் நடத்துகிற பெரிய உட்கருவில் ஒவ்வொரு மரபணுவுக்கும் நாற்பதுக்கு மேல் பிரதிகள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுக்க முடியாது. முதலில் ஒன்றிரண்டு பிரதிகளின் இடத்தில், ஒரு விஷ மருந்தைத் தாங்கும் வேறு துண்டைச் செருகுவார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது பிரதிகள் கண்டபடி பங்கு பிரியும். ஒரு குழந்தைக்குப் புதியது கூடுதலாகப் போகும், இன்னொன்றுக்குக் குறைவாக. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் புதியது கூடுதலாக இருப்பவைதான் பிழைக்கும். பல தலைமுறை தாண்டியதும் பழைய பிரதி ஒன்றுகூட மிஞ்சாது. குடித்தனக்காரர்களைச் சண்டையில்லாமல் ஒவ்வொருவராகக் கிளப்புவது மாதிரி.

மற்றவர்களின் மரபணுக்கள் எல்லாம் சட்டைப் பொத்தான் போலக் கழன்றன. பக்கத்து மேசைக்காரன், அவனை எல்லோரும் நெட்டை என்பார்கள், அக்காவுக்குப் பிறகு வந்து சேர்ந்தவன், மூன்றைக் கழற்றிவிட்டான். அக்காவுடையது மட்டும் கடைசிக் குடித்தனக்காரன் மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தது. மரபணுத் துண்டுகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை ஜெல்லில் புதிய துண்டு பளிச்சென்று ஒரு பட்டையாக விழும். பழையது இருக்கும் இடத்தில் எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அங்கே மங்கலாக ஒரு கோடு.

"ஒருவேளை அது பட்டையே இல்லையோ என்னமோ?" என்றார் மாமா ஒருநாள் சாப்பிடும்போது. "கண்ணாடி மாத்திப் பாரேன். கடைக்கு வா, டெஸ்ட் பண்ணிடலாம்."

அக்கா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மாமா என்னைப் பார்த்தார். நான் குழம்பைப் பார்த்தேன்.

ஒருமுறை நான் அந்த ஆய்வகத்துக்குப் போயிருக்கிறேன். நீள அறை. ஜன்னல் ஓரமாக மேசைகள், மூலையில் நாள்முழுக்கக் கடகடவென்று குடுவைகளை ஆட்டிக்கொண்டிருக்கும் ஷேக்கர், எங்கும் வேகவைத்த ஈஸ்ட்டின் வாசனை. அக்கா ஒரு கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். பிராணிகள் குழாயின் மேல்பகுதியில் வெண்பனி போலத் திரண்டு நின்றன. அவற்றுக்குக் காற்று பிடிக்கும், மேல்நோக்கி நீந்துவதும் அவற்றின் சுபாவம். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ தங்கியிருந்தது.

"அது என்ன?"

"செத்தது, எச்சில், குப்பை. அதைத் தொடக் கூடாது. மேலாப்பில எடுக்கணும்."

அப்படிச் சொல்லிக்கொடுத்தவர் ஆய்வகத் தலைவர். அவருக்கு இடுப்புவரை தாடி, அதனால் பெயரும் தாடி. யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் நாள் அவரே பக்கத்தில் நின்று, மேலாப்பில் ஒரு துளி எடுத்துப் புதிய மருந்து கலந்த சூப்பில், அதாவது அவை வளரும் ஊட்டக் கரைசலில், விடுவது எப்படி என்று காட்டுவார். தாய்வீட்டுச் சீர் மாதிரி எல்லோருக்கும் அது ஒன்று. எடுத்த பிறகு பழைய குழாயில் ப்ளீச்சை ஊற்றிக் கொட்டிவிடுவார்கள். அக்காவும் துளி எடுத்தாள், ப்ளீச் ஊற்றினாள், கொட்டினாள். அவள் கை அதை யோசிக்காமல் செய்தது.

தாடி கெட்டவர் அல்ல. ஆனால் எல்லோரும் ஆராய்ச்சி முடிவுகளைச் சொல்லும் வருடாந்திரக் கூட்டம் நெருங்கியபோது அவருக்கும் பொறுமை தீர்ந்துவிட்டது.

"போதும்மா" என்றாராம். "அந்த ஜீன் இல்லாம அது உயிர் வாழாது, அதான் கடைசிப் பிரதிய விடமாட்டேங்குது. அதுவும் ஒரு முடிவுதானே? கூட்டத்துல சொல்லி முடிச்சிடு. அதுக்கப்புறம் நெட்டையோட வேலையில சேந்துக்க."

"அப்ப என் டாக்டர் பட்டம்?"

"அவன் வேலையில உனக்கும் ஒரு பங்கு வரும்."

ஒரு பங்கு! அன்று வீட்டுக்கு வந்து பையைச் சோபாவில் எறிந்தாள். "பங்கு குடுப்பானாம். நான் என்ன பாகப்பிரிவினைக்கா வந்திருக்கேன்?"

"உயிர் வாழாதுன்னு பெரியவரே சொல்றாரே, அப்புறம் என்ன?" என்றார் அத்தை.

"இல்ல அத்தை. அது இல்லாம வாழாதுன்னா மருந்து ஏற ஏற கொஞ்சமாவது நோகணும். சாகணும். என்னோடது நோகவே இல்ல. குஷியா நீந்துது. செத்தும் தொலைக்க மாட்டேங்குது, மாறியும் தொலைக்க மாட்டேங்குது."

"உன் புருஷன் மாதிரி" என்றார் அத்தை. சொந்தப் பிள்ளையைப் பற்றித்தான். மாமா தலையை நிமிர்த்தாமல் செய்தித்தாளைப் புரட்டினார்.

கூட்டம்வரை அவள் செய்யாதது இல்லை. மருந்தின் கம்பெனியை மாற்றினாள். தண்ணீரை மாற்றினாள். செருகிய துண்டைப் பிரித்து மறுபடி கட்டினாள். சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள். வீட்டில் நாங்கள் பூனை நடை நடந்தோம். குக்கர் சத்தம் போட்டால்கூட அவளுக்குக் கோபம் வந்தது. ஒருநாள் குழாய்க்காரர் படிக்கட்டில் பார்த்து, "மோட்டார் எப்படிங்க ஓடுது?" என்று மரியாதைக்குக் கேட்டுவிட்டார். "நிக்கணும்ங்க அது! நிக்க மாட்டேங்குது!" என்று அவள் கத்தியது மூன்றாம் தளம்வரை கேட்டது. அதன்பிறகு அவர் அக்காவைக் கண்டால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட ஆரம்பித்தார்.

கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டாள். இந்த மரபணு இல்லாமல் இந்தப் பிராணி வாழாது. நிறையப் பேர் தலையாட்டினார்களாம். ஒருவர், தெளிவான முடிவு என்று பாராட்டவும் செய்தாராம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் வாயாலயே சொன்னேன்டி. நம்பாத ஒண்ண, மைக்கப் பிடிச்சிக்கிட்டு."

"தொல்லை விட்டுதுன்னு நினைச்சிக்கோயேன்" என்றார் மாமா, தண்ணீரை நீட்டியபடி.

"தொல்லை இல்லங்க அது. என்னோடது."

மாமா டம்ளரைத் தரையில் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு அவரும் வாசலில் உட்கார்ந்தார்.

மறுவாரம் மேசையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. நெட்டையின் சாமான்கள் அதுவரை நீண்டு வந்துவிட்டன. அக்கா மிச்சமிருந்த குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, மூடியைத் திருகி, ப்ளீச் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் தூளியாட்டுவது போல ஆட்டி ஆட்டிக் கவிழ்த்தாளாம். கடைசிக் குழாயை ஆட்டியபோது அடியிலிருந்த சாம்பல் எழும்பி, திட்டுத் திட்டாக மிதந்தது. பக்கத்தில் நின்ற நெட்டை குனிந்து பார்த்தான்.

"அக்கா, பூஞ்சை பிடிச்சிருக்கு போல."

"எதுல?"

"உங்க டியூப்ல. திட்டுத் திட்டா இருக்கு பாருங்க. அதான் ஒண்ணும் சரியா வரல போல. முன்னாடியே சொல்லியிருந்தா புது சூப் குடுத்திருப்பேனே."

அங்கே ஒருவரைப் பார்த்து உன் குழாயில் பூஞ்சை என்பது, வீட்டுக்கு வந்த விருந்தாளி உங்கள் சமையலறையில் கரப்பான் என்று சொல்வதற்குச் சமம். அக்கா எத்தனையோ விஷயத்தில் தோற்றிருந்தாள், சுத்தத்தில் தோற்றதில்லை. குழாயைக் கவிழ்க்காமல் நிமிர்த்தினாள். "வா. உன் கண்ணாலயே பாரு, பூஞ்சையா இல்லையான்னு." அடிக்கசண்டில் ஒரு துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். அவன் வாயை மூட வேண்டும் என்பதைத் தவிர அந்த நேரத்தில் அவள் மனதில் வேறு எதுவும் இல்லை.

பூஞ்சை இல்லை.

அவளுடைய பிராணிகள்தான். ஆனால் தனித்தனியாக இல்லை. இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக, பிரியாத மணிகள் போல ஒட்டிக்கொண்டிருந்தன. செத்தவை போலச் சுருங்கியிருக்கவில்லை. கொழுகொழுவென்று, ஒளி ஊடுருவும் உடம்போடு இருந்தன. முடிகள் இருந்தன. அசையவும் செய்தன, தூக்கத்தில் விரல் அசைவதுபோல, எந்தத் திசைக்கும் போகாமல்.

இந்தப் பிராணி இரண்டாகப் பிரியும்போது கடைசியில் ஒரு மெல்லிய இழை மிஞ்சும். இரண்டு குட்டிகளும் ஆளுக்கொரு பக்கம் நீந்திச் சுழன்று அந்த இழையை அறுத்துக்கொள்ள வேண்டும். மோட்டாரில் வலு இல்லாவிட்டால் இழை அறாது. ஒட்டிக்கொண்டே வளரும், கனத்துப் போய் அடியில் கிடக்கும். வளமான சூப்பில் கிடப்பதால் சாகாது.

நெட்டை தள்ளி நின்று, "என்னக்கா, பூஞ்சையா?" என்று கேட்டானாம். அக்கா ப்ளீச் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். இப்போதுதான் கவிழ்த்த குழாய்கள் எல்லாம் அதில் மூடியில்லாமல் கிடந்தன.

அன்று வீட்டில் அவள் இதைச் சொன்னபோது நாங்கள் யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை.

"நீந்தாதது வேணும்னு தேடறேன்" என்றாள். "தேடிக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் மேலாப்பில, நல்லா நீந்தறதா பாத்துப் பாத்துப் பொறுக்கி எடுத்திருக்கேன். பழைய பிரதி ஒண்ணாவது வெச்சிருக்கறதுதான் மேல வரும். அதைத்தான் வளத்திருக்கேன். வேண்டியதெல்லாம் அடியில கிடந்திருக்கு. அதுல ப்ளீச் ஊத்தியிருக்கேன். என் கையால. மூணு வருஷமா."

"நெட்டையும் மேலதானே எடுக்கறான்? அவனுக்கு மட்டும் எப்படிக் கழண்டுச்சு?" என்று நான் கேட்டேன். எனக்கு அதுதான் புரியவில்லை.

"அவன் எடுத்த பாகம் இல்லன்னாலும் அது நீந்துமடி. கொஞ்சம் மெதுவா நீந்தும், ஆனா மேல வந்துடும். என்னோடது வராது."

"அப்ப நல்லதுதானே?" என்றார் மாமா. "கிடைச்சிடுச்சே."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "உங்க கடையில வர்றவன் கண்ணாடியத் தொலைச்சிட்டேன்னு மூணு வருஷம் தேடறான். கடைசியில அவனே தினம் அதைக் குப்பையில போட்டிருக்கான்னு தெரியுது. கிடைச்சிடுச்சேன்னு சொல்லுவீங்களா அவன்கிட்ட?"

"பிரேம் உடையாம இருந்தா சொல்லுவேன்" என்றார் மாமா. அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து உள்ளே போனார்.

பிழைத்தது அந்த ஒரு குழாய்தான். அதிலிருப்பவை பிரிந்து பெருக வேண்டும், தாமாகப் பிரியத் திராணியில்லை. ஆட்டினால் பிரியும் என்று அக்காவுக்குத் தோன்றியது. உலுக்குகிற உலுக்கலில் இழை அறும். ஷேக்கரில் இடம் வேண்டும். அதில் பூராவும் நெட்டையின் குடுவைகள்.

"ஒரு மூலை குடுடா."

"அக்கா, இந்த வாரம் முழுக்க நான் பதிஞ்சு வெச்சிருக்கேனே."

"ஒரே ஒரு குடுவை."

"உங்க வேலைதான் முடிஞ்சிடுச்சே, இனி எதை ஆட்டப் போறீங்க?"

"பூஞ்சையை" என்றாள் அக்கா.

அவன் அவள் முகத்தைப் பார்த்து, தன்னுடைய ஒரு குடுவையை எடுத்துக்கொண்டு இடம் விட்டான். வாயாடியே தவிர ஆள் மோசமில்லை என்று பிறகு அவளே ஒப்புக்கொண்டாள், மிகுந்த வருத்தத்தோடு.

குடுவையில் அவை பிரிந்தன. பெருகின. ஷேக்கரை நிறுத்தியதும் எல்லாம் மாவு போல அடியில் போய் உட்கார்ந்தன. ஜெல்லில் புதிய பட்டை விழுந்தது. பழையதன் இடத்தில் எதுவும் இல்லை. மறுபடி செய்தாள், இல்லை. நெட்டையைச் செய்யச் சொன்னாள், அவன் கைக்கும் இல்லை.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு தாடியின் அறைக்குப் போனாள். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"எதிலேருந்து எடுத்தே?"

"அடியிலேருந்து."

தாடியை உருவிவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "மேலாப்பில எடுக்கச் சொன்னது நான்தான்."

"ஆமா" என்றாள் அக்கா. இல்லை சார், அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லையாம்.

"இந்த ரூம்ல 'இல்லாம வாழாது'ன்னு எழுதி மூடினது வேற எத்தனையோ" என்றார் அவர், தனக்குத்தானே.

"அது எனக்குத் தெரியாது சார். என்னோடது வாழுது. நீந்தாது, அவ்வளவுதான். எனக்கு அது திரும்ப வேணும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டத்தின் முடிவுகள் மேலிடத்துக்குப் போய்விட்டன. மரபணு நெட்டையின் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. அதையெல்லாம் திருப்பலாம், கஷ்டமில்லை. ஆனால், "ஒரே ஒரு டியூப்ல வந்திருக்கு. அதுவும் கொட்டப் போன டியூப். நாளைக்கு எவனாவது, இது தப்பிப் பொறந்த ஒண்ணு, வேற எங்கயோ கோளாறுன்னு சொன்னா என்ன பதில் சொல்லுவே? முதல்லேருந்து செய். துண்டைச் செருகறதுலேருந்து. தனித்தனியா சில வரிசை. எல்லாத்துலயும் இதே வந்தா உன்னோடது. உன் பேர்லதான்."

"முதல்லேருந்தா?"

"முதல்லேருந்து."

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். அநியாயமாக ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

வீட்டில் அத்தை இனிப்பு செய்யலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். மாமா, இந்த முறை எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியாமல் கேட்டுவிட்டார். "கேக்காதீங்க" என்றாள். பிறகு அவளே, வழி தெரிந்ததால் முன்னைப்போல இழுக்காது என்றாள். பிறகு அதையும் நம்பாதவள் போல, யாருக்குத் தெரியும் என்றாள்.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது நான் கூடப் படியிறங்கினேன். பஸ் நிறுத்தம்வரை திட்டிக்கொண்டே வந்தாள். தாடியை, நெட்டையை, ப்ளீச் விற்பவனை, தன் கையை. பஸ் வந்தது. ஏறிய பிறகும் ஜன்னல் வழியாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், எனக்குக் கேட்கவில்லை. அன்று மத்தியானம் மாமாவின் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். புதுக் குழாய்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் அவள் பெயர், யாரும் அழிக்க முடியாத மையில், தேவைக்கு மேல் பெரிதாக.